சத்தம் இல்லாத ஒன்றரை நிமிஷம்

அத்தியாயம் 4

ஆப்பரேட்டர் செத்து முப்பத்தெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் மூன்று சாக்கு நிறையக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன.

செத்தது நிஜ ஆள் இல்லை. வியாழக்கிழமைதோறும் எட்டரை மணிக்குத் தொலைக்காட்சியில் வரும் குற்றத் தொடரில், போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் போன் எடுக்கிற பெண். தொடரில் அவளுக்குப் பேர்கூட வைக்கவில்லை. ஆனாலும், துப்பாக்கி தூக்குகிற நாயகனை விட்டுவிட்டு ஊர் இவளைத்தான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. யார் பதறியடித்துப் போன் செய்தாலும், "பயப்படாதீங்க, லைன்லயே இருங்க, நான் இருக்கேன்" என்பாள். நாலு வருஷமாக அதையேதான் சொன்னாள். இந்த வாரம், அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே டெலிபோன் வயரால் அவள் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டார்கள்.

கொன்றது, நாலு வருஷமாக அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஐ. அந்த எஸ்.ஐ.யாக நடித்தவரை மறுநாள் அவருடைய மாமியாரே வீட்டுக்குள் சேர்க்கவில்லை.

"சாவு விழுந்த வீட்டுக்குக்கூட இத்தனை பேர் வரமாட்டாங்க மேடம்" என்றார் தயாரிப்பாளர். தன் அறையில் கிடந்த சாக்குகளைக் காட்டினார்.

"அங்க யார் மேல கோவப்படறதுன்னு தெரியாது சார்" என்றார் ரேடியோ. "இங்க விலாசத்தோட உக்காந்திருக்கீங்களே."

ரேடியோவுக்கு நாற்பத்தாறு வயது. வாயை மூடுவதற்கு ஒரு பொத்தான் இல்லாததால் வந்த பேர் அது. துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளர். அவர் உதவி செய்வது தபாலக்காவுக்கு.

தபாலக்கா என்பதும் பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் தபால் இலாகாவில், முகவரி புரியாமல் திண்டாடுகிற கடிதங்களின் பிரிவில் வேலை பார்த்தாள். பாதி அழிந்த பேர், கிறுக்கிய ஊர், "பெரிய கடிகாரக் கடைக்கு எதிர் வீடு" என்று மட்டும் எழுதிய உறை, எதுவாக இருந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துச் சேர்த்துவிடுவாள். வேலையை விட்டுவிட்டுத் தனியாக அலுவலகம் திறந்தபோது அந்தப் பேர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"விஷயத்துக்கு வாங்க சார்" என்றாள் அவள்.

தயாரிப்பாளர் ஒரு கடிதத்தை மேஜையில் வைத்தார். கடைசி நாலு வரிகளுக்குக் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இதைப் படிச்சதுலேர்ந்து எங்க கதாசிரியர் மேக்கப் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு இருக்கார். காலை டிஃபனைக்கூட கதவிடுக்கு வழியாத்தான் வாங்கிக்கிட்டார். திங்கக்கிழமை ஷூட்டிங். அவர் வெளிய வரலைன்னா அடுத்த வாரம் டிவியில நான்தான் பாட்டுப் பாடணும்."

"போலீசுக்குப் போகலையா?"

"போனேன். இன்ஸ்பெக்டரம்மா கடிதத்தை வாங்கவே இல்லை. 'அவளை ஏன்யா கொன்னீங்க'ன்னு என்னைத்தான் அரை மணி நேரம் விசாரிச்சாங்க."

தபாலக்கா சிரிக்கவில்லை. கடிதத்தை உடனே எடுக்கவும் இல்லை. முதலில் சாக்கிலிருந்து ஒரு கத்தையை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு மற்ற கடிதங்களைப் படிக்க ஆரம்பித்தாள். ஒன்று வித்தியாசமானது என்று சொல்வதற்கு முன்னால் மற்றதெல்லாம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது அவளுடைய பழைய பாடம்.

ஒரு பல் டாக்டர், அந்த எஸ்.ஐ. எப்போதாவது தன்னிடம் வந்தால் மரத்துப்போகிற ஊசி போடாமலே பிடுங்கப் போவதாக எழுதியிருந்தார். கல்யாணமாகாத நாலு அக்கா தங்கைகள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அவளைப் பிழைக்க வைக்க வழி சொல்லியிருந்தார்கள்: கழுத்தில் வயருக்கும் தோலுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்திருந்தது என்று காட்டிவிட்டால் போதுமாம். ஒரு பெண்மணி நீல மையில் இரண்டே வரி: "வியாழக்கிழமை மட்டும்தான் நான் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவேன். மற்ற நாளெல்லாம் நின்றுகொண்டே சாப்பிட்டுவிடுவேன்."

தபாலக்கா அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

"இதைப் பாருங்கக்கா" என்றார் ரேடியோ. "'சத்தமே இல்லாத அந்த ஒன்றரை நிமிஷத்தில் எங்கள் வீட்டு ஃபேன் எவ்வளவு கத்துகிறது என்று அன்றுதான் கேட்டேன்.' இன்னொருத்தர், மனைவியோட குறட்டை கேட்டுச்சாம். கல்யாணமாகி முப்பது வருஷத்துல அன்னைக்குத்தான் கேட்டாராம். பாவம், அதுவரைக்கும் யாரு குறட்டைன்னு நெனச்சாரோ."

ஒன்றரை நிமிஷம் என்பதுதான் அந்தக் கொலையின் பெருமை. கதாசிரியரின் யோசனை. கட்டுப்பாட்டு அறையில் கிறீச் கிறீச்சென்று ஒரு செருப்புச் சத்தம் நெருங்கி வரும். ஆப்பரேட்டர் திரும்பாமலே "யாரு?" என்பாள். அந்த இடத்தோடு சத்தம் முழுக்க அறுந்துவிடும். பாட்டு இல்லை, அலறல் இல்லை, மூச்சுகூட இல்லை. ஒன்றரை நிமிஷம் கழித்து எஸ்.ஐ. விளக்குக்குக் கீழே முகத்தைக் காட்டி, அவளுடைய போனை எடுத்து "கன்ட்ரோல் ரூம்" என்பார். அப்போதுதான் சத்தம் திரும்பும்.

தபாலக்காவும் பார்த்தாள். ஒற்றை அறையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு. அந்த ஒன்றரை நிமிஷத்தில் அவளுக்குக் கேட்டது சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம். அது எட்டு வருஷமாகச் சொட்டுகிறது. தொடர் முடிந்ததும் யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் போல இருந்தது. ரேடியோ வீட்டு நம்பரை அழுத்தினாள். ஒரு மணி அடித்ததும், என்னவென்று சொல்லிப் பேசுவது என்று தோன்றி வைத்துவிட்டாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது சிவப்புக் கோடு போட்ட கடிதத்தை எடுத்தாள். கனமான கை, எழுத்து ஒவ்வொன்றும் ஆணி அடித்த மாதிரி இருந்தது.

"ஐயா, வியாழக்கிழமை அந்தப் பெண்ணைக் கொன்றீர்கள். கொல்லுங்கள், அது உங்கள் தொழில். ஆனால் ஒரேயடியாகக் கொல்லாமல் ஏன் அப்படித் துடிக்க விட்டீர்கள்? ஓர் அலறல், பிறகு தடாலென்று விழுந்த சத்தம். அதோடு முடித்திருக்கலாம். அந்தத் தட்டல் எதற்கு? ராத்திரி பூராவும் என் காதுக்குள் அதே தட்டல். வெள்ளி காலை இதை எழுதும்போதும் கேட்கிறது. அந்தக் கிறீச் செருப்புக்காரன் யாரென்று தெரிந்தால் அவன் கழுத்தை நான் நெரிப்பேன். அவனை அனுப்பியது நீங்கள்தான். உங்களையும் விட மாட்டேன். உங்கள் வாசலுக்கு வருவேன்."

கையெழுத்து இல்லை. முகவரி இல்லை.

"ரேடியோ, என்ன தெரியுது?"

"ஆள் கோவக்காரர். தூக்கம் வராதவர். பேனாவைப் பிடிக்கச் சொன்னா உளியைப் பிடிக்கறவர்."

"ஊர் பூரா எஸ்.ஐ.யைத் திட்டுது. இவர் மட்டும் செருப்புக்காரன் யாருன்னு கேக்கறார்."

ரேடியோ ஒரு நிமிஷம் யோசித்தார். "அட ஆமா! மூஞ்சியைப் பாக்கலை. அப்ப கண்ணு தெரியாதவரா?"

"கண்ணு தெரியாதவர் வரி கோணாம இப்படி எழுத மாட்டார். இவர் டிவியைப் பாக்கலை. கேட்டிருக்கார். வீட்ல டிவி இல்லை. பக்கத்து வீட்டு டிவியைச் சுவர் வழியாக் கேக்கறவர்."

தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா மேடம், அலறல்னு எழுதியிருக்கானே. அலறலே கிடையாதே."

நல்ல கேள்வி. தபாலக்கா தயங்கினாள். ரேடியோ உடனே இன்னொரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். "இங்க ஒருத்தர் ரத்தம் பீறிட்டு அடிச்சதுன்னு எழுதியிருக்கார். நீங்க சொட்டு ரத்தம் காட்டலை. இந்தம்மா, எஸ்.ஐ. பல்லைக் காட்டிச் சிரிச்சான்னு சத்தியம் பண்றாங்க. ஜனங்க டிவியில பாதியும் மனசுல பாதியும் பாக்கறாங்க சார்."

தபாலக்கா தலையை ஆட்டினாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம் அந்த இடத்தில்தான் சறுக்கியது.

"ஆளை எப்படிப் பிடிக்கறது? கடிதத்துல ஒண்ணுமே இல்லையே" என்றார் தயாரிப்பாளர்.

"கடிதத்தை எல்லாரும் படிச்சிட்டீங்க. உறையை யாராவது படிச்சீங்களா?"

குப்பைக் கூடையைக் கவிழ்த்து உறையைத் தேடி எடுத்தார்கள். பழுப்பு உறை. தபாலக்கா அதன் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஒட்டு தடிப்பாக, கையால் ஒட்டியதாக இருந்தது. டீக் கெட்டிலின் மூக்குக்கு நேராக உறையைப் பிடித்தாள். ஆவியில் ஒட்டு இளகியது. மெதுவாகப் பிரித்து விரித்தாள்.

வந்த உறை ஒன்றைப் பிரித்து, உள்பக்கத்தை வெளிப்பக்கமாகத் திருப்பி, மறுபடி ஒட்டியிருந்தார் அந்த ஆள். சிக்கனக்காரர்கள் செய்வது. உள்ளே பழைய முகவரி அப்படியே இருந்தது. பேர் இருந்த இடத்தில் பசை அப்பி அழிந்திருந்தது. கீழே மட்டும் தெளிவாக: 12-பி, மூன்றாம் மாடி, ஆற்றங்கரைச் சாலை.

"கொலை மிரட்டல் விட்டுட்டு, உள்ள விலாசத்தையும் வெச்சு அனுப்பியிருக்கார்" என்றார் ரேடியோ. "ரொம்ப மரியாதை தெரிஞ்சவர்க்கா."

* * *

டாக்ஸி ஜன்னல் வழியே ஆற்றங்கரைச் சாலை ஓடியது. பூட்டிய கிடங்குகள், அதற்கு மேல் மாடி மாடியாகச் சின்ன ஜன்னல்கள்.

"வியாழக்கிழமை ராத்திரி எங்க வீட்டுக்கு ஒரு போன்" என்றார் ரேடியோ. "ஒரு மணி அடிச்சிட்டு நின்னு போச்சு. எங்க வீட்ல அஞ்சு பேரும் ஆப்பரேட்டருக்கு ஒப்பாரி வெச்சிட்டிருந்ததுல ஓடிப் போய் எடுக்கறதுக்குள்ள..."

"ராங் நம்பரா இருக்கும்" என்றாள் தபாலக்கா.

ரேடியோ அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்.

மூன்றாம் மாடியில் எதிரும் புதிருமாக இல்லாமல் ஒட்டி ஒட்டி இரண்டு கதவுகள். 12-ஏ, 12-பி. ஒரே வீடாக இருந்ததை நடுவில் தடுத்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. 12-ஏ வாசலில் கிடந்த இரண்டு செய்தித்தாள்களைத் தாண்டிப் போய் 12-பி கதவைத் தட்டினார் ரேடியோ.

"யாரு?" உள்ளேயிருந்து கரகரத்த குரல்.

"தபால்" என்றாள் தபாலக்கா.

கதவு சட்டென்று திறந்தது. ஒட்ட வெட்டிய நரைமுடி, அகலமான தோள், அறுபத்தைந்து வயதிருக்கும். முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. "எனக்கா? எனக்கு யாரு...?" என்று கையை நீட்டினார். அவள் நீட்டியது அவருடைய உறையேதான். சந்தோஷம் அணைந்தது.

"போலீசா?"

"இல்லை. டிவிக்காரங்க அனுப்பினாங்க. நீங்க எழுதினதுதானே?"

"நான்தான்." மறைக்கிற ஆளே இல்லை. "உள்ள வாங்க. ஒரு நாற்காலிதான் இருக்கு, கோவிச்சுக்கக் கூடாது."

அறை துடைத்துவிட்டது போல இருந்தது. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், சுவரில் ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய சுத்தி, உளி, ஸ்பானர்கள். டிவி இல்லை. அந்த ஒற்றை நாற்காலி மேஜைப் பக்கம் இல்லாமல், ஜன்னல் பக்கமும் இல்லாமல், நடுச் சுவரை ஒட்டிக் கிடந்தது. உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில் சுவரின் வெள்ளை மங்கிப் பளபளத்தது.

ரேடியோ அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தபாலக்காவைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான்.

"கதாசிரியர் வாசலுக்கு வருவேன்னு எழுதினீங்களே சார்" என்றார் ரேடியோ. "அவர் பயந்து போய் மேக்கப் ரூம்ல குடித்தனம் நடத்தறார்."

"எழுதினேன். கோவம். எழுதிப் போட்டதுக்கப்புறம்தான், எந்த பஸ்ல போகணும்னே தெரியாதேன்னு தோணிச்சு." அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "தப்புதான். அவர்கிட்ட சொல்லிடுங்க."

பஞ்சாலையில் முப்பத்துநாலு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். மனைவி போய் ஒன்பது வருஷம். தறிச் சத்தத்திலேயே கிடந்ததால் காதில் எப்போதும் ஏதாவது ஓர் இரைச்சல் இருக்கும். 'இதெல்லாம் வெளியில இல்லை, உங்க காதுக்குள்ள. கண்டுக்காதீங்க' என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

"பக்கத்துல யார் இருக்காங்க?" என்றாள் தபாலக்கா.

"ஒரு அம்மா. தனியா. புத்தகத்துக்கெல்லாம் பிழை திருத்தறவங்கன்னு வாட்ச்மேன் சொன்னார். ஏழு வருஷம் ஆச்சு. படிக்கட்டுல ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன். பேசினதில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "வந்த புதுசுல அவங்க டிவி ரொம்பச் சத்தமா இருக்கும். எரிச்சல்ல ஒரு நாள் சுவத்துல ஓங்கித் தட்டிட்டேன். உடனே குறைச்சிட்டாங்க. சுத்தமாக் கேக்காத மாதிரி. அதுக்கப்புறம் இந்த ரூம்ல என்னால உக்காரவே முடியலை. போய், சத்தமா வைங்கன்னு எப்படிக் கேக்கறது? அப்புறம் ஒரு வியாழக்கிழமை தானாவே சத்தம் கூடிச்சு. அதுலேர்ந்து வியாழக்கிழமை மட்டும் கூடும்."

ரேடியோ சுவரில் தொங்கிய ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார்.

வழக்கு அவ்வளவுதான். தபாலக்கா கைப்பையை மூடினாள். எழுந்தவள், ஏதோ உறுத்த, வாசல் வரை போய்த் திரும்பினாள்.

"சார், அன்னைக்கு என்னென்ன கேட்டுது? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

"செருப்பு. கிறீச், கிறீச். அந்தம்மா 'யாரு?'ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்லை. அப்புறம் ஒரு அலறல். தடால்னு விழுந்த சத்தம். அதோட டிவி நின்னு போச்சு."

"டிவி நின்னு போச்சா? எஸ்.ஐ. போனை எடுத்து 'கன்ட்ரோல் ரூம்'னு சொல்றது கேக்கலையா?"

"அதெல்லாம் கேக்கலை. அதான் கொன்னது யாருன்னே தெரியலையே. அப்புறம் தட்டல்தான். டக் டக் டக். நிறுத்தி மறுபடி டக் டக் டக்."

"டிவி நின்னதுக்கு அப்புறமா?"

அவர் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார்.

"சார், அந்தக் கொலையில அலறலே இல்லை. விழற சத்தம் இல்லை. ஒன்றரை நிமிஷம் முழுக்கச் சத்தத்தை எடுத்துட்டாங்க. அந்த நேரத்துல ஊர்ல எல்லாரும் கேட்டது அவங்கவங்க வீட்டுச் சத்தத்தைத்தான்."

"அப்ப நான் கேட்டது?"

மூன்று பேரும் நடுச் சுவரைப் பார்த்தார்கள்.

"இப்பவும் கேக்குதா?" என்றாள் தபாலக்கா.

"இல்லை. இன்னைக்கு விடியக்காலையில நின்னுச்சு." மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். "அப்பாடான்னு இருந்துச்சு."

* * *

ரேடியோ ஏற்கெனவே வெளியே ஓடியிருந்தார். 12-ஏ கதவில் மணி அடித்தார், கையால் அறைந்தார், தோளால் மோதினார். பழைய காலத்துக் கனமான கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. காலடியில் வெள்ளிக்கிழமைச் செய்தித்தாளும் சனிக்கிழமைச் செய்தித்தாளும் கிடந்தன. தாண்டிப் போனபோது எங்கே போயிற்று புத்தி என்று தபாலக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். ஒரு கையில் போன், ஆம்புலன்ஸுக்கு முகவரி சொல்லிக்கொண்டே ஓடி வந்தாள்.

"அசையலைக்கா!" என்று கத்தினார் ரேடியோ. "யானையைக் கூப்பிடணும்!"

அப்போது 12-பிக்குள்ளிருந்து பெரிதாக ஓர் அடி விழுந்தது.

மெக்கானிக் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, சுத்தியோடு நடுச் சுவர் முன்னால் நின்றிருந்தார். சுவர் என்பது பேருக்குத்தான்; மரச் சட்டத்தில் அடித்த பலகைக்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. எங்கே பலகையின் இணைப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உளியை வைத்தார், அடித்தார். இரண்டாவது அடியில் பூச்சு உதிர்ந்தது. நாலாவதில் பலகை வாய் பிளந்தது. ரேடியோ விரல்களை நுழைத்துப் பிடித்து இழுத்தார். ஆணிகள் முனகிக்கொண்டு கழன்றன. மூன்று நிமிஷத்தில் ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு வழி வந்துவிட்டது.

முதலில் தபாலக்கா நுழைந்தாள்.

டிவி மேஜை இந்தச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில், தரையில், ஒரு பெண் ஒருக்களித்துக் கிடந்தாள். அறுபது வயது இருக்கும். ஒரு கால் பார்க்கச் சகிக்காத கோணத்தில் திரும்பியிருந்தது. பிளக்கோடு பிடுங்கி வந்த வயர் கணுக்காலில் சுற்றியிருந்தது. கையெட்டும் தூரத்தில் ஒரு தண்ணீர் பாட்டில், காலியாக. போன், அறையின் அந்தக் கோடியில், மேஜை மேல், திருத்தின காகிதக் கட்டுகளுக்கு நடுவில். வலது கையில் டிவி ரிமோட். அதன் முனை உடைந்திருந்தது. சுவரில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பூச்சு பெயர்ந்து ஒரு குழி விழுந்திருந்தது.

தபாலக்கா மண்டியிட்டு அவள் கழுத்தில் விரலை வைத்தாள். ஒன்றுமில்லை. விரலை நகர்த்தினாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

நூல் மாதிரி ஓடியது.

"இருக்காங்க! ரேடியோ, தண்ணி!"

ரேடியோ கைக்குட்டையை நனைத்து உதட்டில் பிழிந்தார். சொட்டுச் சொட்டாக. நாலாவது ஐந்தாவது சொட்டில் தொண்டை அசைந்தது. கண் திறந்தது. தபாலக்கா காதைக் கிட்டே கொண்டு போனாள்.

"சத்தம் போயிடுச்சு" என்றாள் அந்தப் பெண்.

"என்ன சத்தம்மா?"

"டிவியில... திடீர்னு. கெட்டுப் போச்சுன்னு எழுந்தேன். வயர் தடுக்கிடுச்சு." மூச்சு வாங்கியது. "எட்டரைக்கு அவர் நாற்காலி இழுக்கற சத்தம் கேக்கும். அதுக்கப்புறம்தான் போடுவேன். அன்னைக்குச் சத்தம் போனதும்... அந்தப் பக்கம் கேக்காதேன்னு..."

ரேடியோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக் உடைத்த வழியிலேயே நின்றிருந்தார். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் சுண்ணாம்பு. கையில் இன்னும் சுத்தி இருந்தது. உள்ளே வர அவருக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண்ணின் கண்கள் அவரைத் தேடிக் கண்டுபிடித்தன.

"தட்டினேனே" என்றாள். "கத்த மூச்சு வரலை. நீங்க இருக்கீங்கன்னு தெரியும். அதான் தட்டிக்கிட்டே இருந்தேன். ஏன் வரலை?"

"கேட்டுதும்மா." புருவத்துச் சுண்ணாம்பைப் புறங்கையால் துடைத்தார். "ரெண்டு ராத்திரியும் கேட்டுது. காதுக்குள்ளன்னு நெனச்சேன்."

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமா, இல்லையா என்று தபாலக்காவால் படிக்க முடியவில்லை. எத்தனையோ அழிந்த எழுத்தைப் படித்த கண், இதில் தோற்றது. பிறகு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மெக்கானிக் சுத்தியைக் கீழே வைத்தார். குனிந்து உள்ளே வந்து, அவள் கணுக்காலில் இறுகியிருந்த வயரைச் சுற்றுச் சுற்றாக, வலிக்காமல், பிரித்து எடுத்தார். முப்பத்துநாலு வருஷம் அறுந்த நூலை எடுத்த விரல்கள் அவை.

தபாலக்காவின் போன் அடித்தது. தயாரிப்பாளர்.

"மேடம், ஆள் சிக்கினானா?"

"சிக்கினார். உங்க கதாசிரியரைக் கதவைத் திறந்துக்கிட்டு வெளிய வரச் சொல்லுங்க, அவர் உயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள் தபாலக்கா. "மத்ததை அப்புறம் சொல்றேன். இங்க ஒரு உயிர் இழுத்துட்டிருக்கு." வைத்துவிட்டாள்.

* * *

ஸ்ட்ரெச்சரை மூன்று மாடி இறக்குவதற்குள் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது. மூன்றாவது மூலையை ரேடியோ பிடித்தார். நாலாவது மூலையை மெக்கானிக் பிடித்தார். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்து, ஒரு முகம் எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன?" என்றது. முதல் மாடியில் இரண்டு முகங்கள். எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். யாருக்கும் அவளைத் தெரியவில்லை.

"இடுப்பெலும்பு போயிருக்கு. உடம்புல தண்ணியே இல்லை" என்றான் அட்டையும் பேனாவுமாக நின்ற ஊழியன். "ஆனா பல்ஸ் ஏறுது. நாளைக்குக் காலைல வந்திருந்தீங்கன்னா எங்களுக்கு வேலை இருந்திருக்காது. சரி, கூட ஏறப்போறது யாரு?"

மதிய வெயில் சாலையில் காய்ந்தது. தபாலக்கா ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தாள். அதற்குள் மெக்கானிக் ஏறி உட்கார்ந்துவிட்டார். செருப்புகூடப் போடவில்லை.

"பேஷன்ட் பேரு?" என்றான் ஊழியன்.

மெக்கானிக் சொல்ல வாயெடுத்தார். தபாலக்காவைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார், மேலே மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தார். ஏழு வருஷம். அவள் எத்தனை மணிக்கு இருமுவாள், எந்தப் பாட்டுக்கு முணுமுணுப்பாள், எந்த நாளில் சீக்கிரம் விளக்கணைப்பாள், எல்லாம் தெரியும் அவருக்கு.

"சார், பேரு?"

அவர் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார். "அம்மா" என்றார் மெல்ல. "உங்க பேர் என்னம்மா?"

உதடுகள் அசைந்தன. தபாலக்கா நின்ற இடத்துக்குக் கேட்கவில்லை. மெக்கானிக், இரண்டில் நன்றாகக் கேட்கிற காதை அவள் வாய்க்கு நேராகத் திருப்பிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, ஓர் எழுத்தும் பிசகாமல், ஊழியனிடம் சொன்னார். அவன் எழுதுவதை எட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் சுழி விட்டுப் போனதைத் திருத்தவும் சொன்னார்.

"உறவு?"

"பக்கத்து வீடு."

"அது உறவு இல்லை சார். இதுல அண்ணன், தம்பி, புருஷன், பிள்ளை, இப்படித்தான் கட்டம் இருக்கு."

"கட்டம் இல்லைன்னா ஓரத்துல எழுதுப்பா" என்றார் மெக்கானிக்.

ஊழியன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு அட்டையைத் தொடையில் வைத்து, ஓரத்தில் எழுதிக்கொண்டு, கதவைச் சாத்தினான்.